புரட்சியைக் கண்ட ஆசிரியை

கி.பி. 1793ஆம் ஆண்டிலே, பாரிசு மாநகருக்கு அண்மையிலுள்ள நெயில்லி என்னும் ஊரில், தோட்டம் சூழ்ந்த ஒரு மனையில் இருந்துகொண்டு ஆங்கிலப் பெண்மணி ஒருவர் நூலொன்று எழுதத் தொடங்கியிருந்தார். அந்நூல் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாறு. அவர் எழுதப் புகுந்தவை நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த செய்திகள். மக்கள் உரிமை வேண்டி எழுந்த நன்னாட்களின் செய்திகள். மனையை நீங்கி நகருக்குள் நடந்தாலோ, அதே புரட்சியின் பெயரால் மனிதர் தலைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் கொலைக்களத்தின் தரையிலே குருதி உலராமற் கிடப்பதைக் கண்டார். கண்டதும் வாய்விட்டுக் கடிந்தார். வழிப்போக்கர் ஒருவர், உயிருக்கு ஆபத்தென எச்சரித்து, அவ்விடத்தினின்றும் விரைந்து நீங்கும்படி செய்தார். அம்மையார் மனைக்கு மீண்டார். எழுதுகோலையும் மீண்டும் எடுத்தார்.

அவர்தாம் மேரி உல்ஸ்ரன்கிறாவ்ற். தாம் நெஞ்சாரப் போற்றிய ஒரு புரட்சி தம் கண்முன்னே நெறிதவறும்போது, கற்றவர் செய்யத்தக்கது யாது? கொள்கையைக் கைவிடுவதா? கொடுமைக்குக் கண்மூடுவதா? இவ்விரண்டிலும் வேறான ஒரு விடையை அம்மையாரின் வாழ்க்கையிலே காண்கின்றோம்.

மேரி 1759ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆந் தேதி இலண்டனிலே, நெசவாளர் மிக்கு வாழ்ந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் என்னும் பகுதியிற் பிறந்தார். பாட்டனார் நெசவுத் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டியவர். தந்தையார் அப்பொருளைக் கொண்டு கமக்காரப் பிரபுவாக விரும்பி, ஊர் ஊராய்க் குடிபெயர்ந்து, யாவற்றையும் இழந்தார், குடிப்பழக்கத்துக்கும் ஆளானார். குடித்துவந்து மனைவியை அடிப்பதும் உண்டு. தாயைக் காக்கும்பொருட்டுச் சிறுமி மேரி தாயின் அறைவாயிலிலே இரவு முழுதும் படுத்துக் கிடந்த நாட்கள் பல. மூத்த மகனுக்குப் பாட்டனாரின் சொத்தும் நல்ல கல்வியும் கிடைத்தன. பெண்மக்களுக்கு அவை இல்லை. அரசரின் கொடுங்கோன்மையை நூல்களிலே படிக்குமுன்னர், வீட்டின் கொடுங்கோன்மையைக் கண்ணாரக் கண்டவர் மேரி. பிற்காலத்தில் அவர் எழுதிய அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருந்தது.

அக்காலத்திலே, மரபும் செல்வமுமற்ற பெண்ணொருத்தி மானத்தோடு பிழைக்கும் வழிகள் மிகச் சில. செல்வர் வீட்டு மூதாட்டிக்குத் துணையாயிருத்தல், தையல் வேலை செய்தல், பள்ளி நடத்துதல், பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மனையாசிரியையாதல் என்பனவே அவை. மேரி இவ்வழிகள் யாவற்றிலும் நடந்து பார்த்தார். 1784இல் தம் தங்கையரோடும் உயிர்த்தோழியோடும் பள்ளியொன்றைத் தொடங்கி, இலண்டனின் வடபாலுள்ள நியூவிங்ரன் கிறீன் என்னுமிடத்தில் அதனை நடத்தினார். ஆங்கு றிச்சாட் பிறைஸ் என்னும் முதிய குருவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அரசாங்கத் திருச்சபையைச் சாராத அப்பெரியார் அமெரிக்க மக்களின் விடுதலைப் போருக்கு ஆதரவாக எழுதியவர். குடிகளின் இசைவே ஆட்சிக்கு அடிப்படை என்னும் எண்ணம் மேரியின் உள்ளத்தில் ஊன்றியது அவருடைய சூழலிலேயாம்.

தோழி 1785இல் லிஸ்பன் நகரிலே மகப்பேற்றில் இறந்தார். பள்ளியும் மூடப்பட்டது. பின்னர் அயர்லாந்திலே ஒரு பிரபுவின் மாளிகையில் மேரி மனையாசிரியையாக இருந்தார். அங்கு வாழ்ந்த ஓராண்டு, செல்வக் குடும்பங்களிலே பெண்கள் அலங்காரப் பொருளாக வளர்க்கப்படும் முறையை அவருக்குக் காட்டியது. 1787இல் அவ்வேலை நீங்கியதும் இலண்டனுக்கு வந்து, யோசெப் ஜோன்சன் என்னும் நூல் வெளியீட்டாளரை அடைந்தார். எழுதிப் பிழைப்பதென்பது ஒரு பெண்ணுக்கு அரிய துணிவு. மேரி பிரெஞ்சும் ஜேர்மனும் பயின்று மொழிபெயர்த்தார். நூல்களுக்கு மதிப்புரை எழுதினார். சிறுவர்க்குக் கதைநூல் செய்தார். ஜோன்சனின் விருந்து மேசையிலே தோமஸ் பெயின் போன்ற அறிஞரோடு ஒப்ப இருந்து வாதிட்டார்.

1789ஆம் ஆண்டு யூலை 14ஆந் தேதி பாரிசிலே பஸ்ரில் கோட்டை வீழ்ந்தது. ஓகஸ்டு 26இல் மனிதன், குடிமகன் ஆகியோரின் உரிமைப் பிரகடனத்தைத் தேசிய மன்றம் ஏற்றுக்கொண்டது. நவம்பரிலே முதுபெருங்குருவாகிய பிறைஸ் இலண்டனில் அதனை வாழ்த்திப் பேருரை ஆற்றினார். அவ்வுரையைக் கண்டு சினந்த எட்மண்ட் பேர்க் என்னும் அரசியலறிஞர், மறு ஆண்டு நவம்பரிலே புரட்சியைப் பழித்துப் பெருநூலொன்று வெளியிட்டார். பழைய மரபே உரிமைக்குக் காவல் என்பது அவர் கட்சி. பிரான்சு நாட்டு அரசியின் துயரை அவர் கண்ணீர் மல்கப் புனைந்திருந்தார்.

தம் மூத்த நண்பர் தாக்கப்பட்டதைக் கண்ட மேரி உடனே மறுப்பெழுதத் தொடங்கினார். எழுத எழுத ஏடுகள் அச்சேறின. பாதி வழியிலே அவருக்குச் சோர்வு வந்தது. ஜோன்சனிடஞ் சென்று தம் தளர்ச்சியைக் கூறினார். அவர் வற்புறுத்தவில்லை; விரும்பாவிடில் அச்சிட்ட தாள்களை எறிந்துவிடலாம் என்றார். அவ்வமைதியான மறுமொழி மேரியின் மானத்தைத் தொட்டது. நேரே வீடு சென்று எழுதி முடித்தார். பேர்க்கின் நூல் வெளிவந்த அதே மாதத்தில், ஆசிரியர் பெயரின்றி, மனிதர் உரிமைகளை நிலைநாட்டும் அந்நூல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பிலே பெயர் இடம்பெற்றது. பெயினின் புகழ்பெற்ற மறுப்புக்கும் இது முற்பட்டது. அரசியின் துயருக்கு உருகும் நெஞ்சம், வேட்டைச் சட்டத்தால் வருந்தும் உழவனுக்கும், கடற்படைக்கு வலிந்து பிடிக்கப்படும் ஏழைக்கும், விற்கப்படும் அடிமைக்கும் ஏன் உருகவில்லை என்பதே அவர் தொடுத்த வினா.

ஆயினும் புரட்சியாளரிடத்தும் ஒரு குறையை அவர் கண்டார். 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வாக்குரிமையைப் பெண்களுக்கு வழங்கவில்லை. அவ்வாண்டிலே தலேராண் என்பவர் தேசிய மன்றத்துக்கு அளித்த கல்வி அறிக்கையில், பெண்மக்கள் பொதுப்பள்ளியிலே எட்டு வயதுவரை கற்றாற் போதும் என்றிருந்தது. மேரி 1792இல் பெண்ணின் உரிமைகள் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டு, அதனை அத்தலேராணுக்கே உரிமையாக்கினார். பகுத்தறிவு மனித உயிர்க்குப் பொதுவாயின், அப்பகுத்தறிவின்மேற் கட்டப்பட்ட உரிமையும் பொதுவே என்பது நூலின் அடிப்படை. பெண்ணின் குறைகளென்று கூறப்படுவன பெரிதும் இயற்கையால் வந்தவையல்ல, பயிற்சியால் வந்தவை என்று அவர் காட்டினார். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை செல்வரும் ஏழையரும், ஆணும் பெண்ணும் ஒரே பள்ளியில், ஒரே வகை உடையில், கட்டணமின்றிக் கற்க வேண்டுமென்றார். பெண்கள் மருத்துவம் பயிலலாம், தொழில் நடத்தலாம் என்றும், ஆட்சியிலே அவர்க்கும் பிரதிநிதிகள் வேண்டுமென்றும் குறித்தார். பள்ளி நடத்திக் கைசலித்த ஓர் ஆசிரியையின் கைச்சுவடு அந்நூலின் கல்விப் பகுதியிலே தெளிவாகத் தெரிகின்றது.

1792 டிசம்பரில் மேரி புரட்சியை நேரிற் காணப் பாரிசுக்குச் சென்றார். சென்ற சில நாளிலே, பதினாறாம் லூயி மன்னன் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்படும் காட்சி அவர் இருந்த மனையின் சாளரத்தின் கீழே நிகழ்ந்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. இடையிடையே முரசொலி மட்டும் கேட்டது. எதிர்பாராத பெருமிதத்தோடு மன்னன் வண்டியில் இருந்ததைக் கண்டு, தம்மையறியாமற் கண்ணீர் வடித்தார். அன்றிரவு தனியறையிலே, விளக்கை அணைக்க மனமின்றி இருந்ததாக ஜோன்சனுக்கு எழுதினார். முடியாட்சியை வெறுத்த ஒருவர் சிந்திய கண்ணீர் இது. கொள்கை அவருடைய நெஞ்சைக் கல்லாக்கிவிடவில்லை.

1793 சனவரி 21இல் மன்னன் தலை வீழ்ந்தது. யூன் மாதத்திலே மேரியின் நண்பர் பலர் சார்ந்திருந்த ஜிரோந்துக் கட்சி வீழ்ச்சியுற்றது. ஒக்ரோபர் முடிவில் அதன் தலைவர் பலர் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேயே பெண்கள் சங்கங்களைப் புரட்சி அரசு தடைசெய்தது. பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் டி கூஜ் நவம்பர் 3இலும், றோலான் அம்மையார் 8இலும் கொலைமேடை ஏறினர். உரிமை என்னும் சொல்லை உலகுக்கு உரக்க ஓதிய புரட்சி, அச்சொல்லைத் தன்மேல் திருப்பிய பெண்களின் வாயை அடைத்தது. பிரான்சிலிருந்த ஆங்கிலேயர் சிறையிடப்பட்டனர். கில்பேட் இம்லே என்னும் அமெரிக்கரின் மனைவியென அமெரிக்கத் தூதரகத்திலே பதிவு பெற்றிருந்தமையால் மேரி தப்பினார். முறைப்படியான திருமணம் நடைபெறவில்லை.

இத்தகைய நாட்களிலே எழுதப்பட்டதுதான் அவருடைய வரலாற்று நூல். 1794இல் வெளிவந்த அதன் முதற்பாகம் 1789 ஒக்ரோபரோடு நின்றுவிடுகின்றது. இங்கிலாந்திலே புரட்சியை இளமையில் வாழ்த்திய வேட்ஸ்வேத், கோல்றிட்ஜ் முதலிய கவிஞர் பின்னர் அதனை வெறுத்துப் பழைமையின் பக்கஞ் சார்ந்தனர். மேரி அவ்வழிச் செல்லவில்லை. குருதியை நியாயப்படுத்தவும் இல்லை. காரணம் தேடினார். பல தலைமுறையாக அடிமைகளாக வைக்கப்பட்ட மக்கள் ஒரு நாளிலே விடுதலைக்குரிய பண்புகளைப் பெற்றுவிடமாட்டார். அவர்களின் கொடுமை அவர்களை வளர்த்த கொடுங்கோன்மையின் விளைவே. சட்டம் விரைந்து மாறலாம், மனிதரின் ஒழுக்கம் மெல்லவே மாறும் என்பது அவர் கண்ட முடிபு. வரலாறு பழிதூற்றும் கருவியன்று, நோயின் காரணத்தை ஆராயும் மருத்துவம் என்பதை அந்நூல் காட்டிற்று. அமெரிக்காவின் இரண்டாம் சனாதிபதி ஜோன் அடம்ஸ் அதனைப் படித்து, பக்க ஓரங்களெல்லாம் நிறையும்படி எதிர்வாதம் எழுதிவைத்தார். உடன்படாதவரையும் வாதத்துக்கு இழுக்கும் நூல் உயிருள்ள நூலேயாம்.

அதில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1789 ஒக்ரோபரிலே அப்பம் கேட்டு வேர்சேய் அரண்மனைக்கு நடந்த பாரிசுப் பெண்களை மேரி இரக்கமின்றிச் சாடினார். பெண்குலத்துக்காக வழக்காடியவர், பசித்த பெண்களின் கூட்டத்திலே அவர்தம் பசியைப் போதுமான அளவு காணவில்லை.

அக்குறைக்குக் கழுவாய் அவருடைய இலக்கியத்திலே கிடைக்கின்றது. 1794 மே மாதத்தில் மேரிக்கு ஒரு மகள் பிறந்தாள். இம்லே மெல்ல விலகினார். துயரம் தாங்காது மேரி 1795இல் இருமுறை உயிர்துறக்க முயன்று, பிறராற் காப்பாற்றப்பட்டார். இடையிலே கைக்குழந்தையோடு சுவீடன், நோர்வே, டென்மார்க்கு நாடுகளுக்கு இம்லேயின் வணிக அலுவலாகப் பயணஞ் செய்தார். அப்பயணக் கடிதங்கள் 1796இல் நூலாயின. மலையையும் கடலையும் தம் உள்ளத்துத் துயரோடு ஒன்றாக்கி எழுதிய அந்நடை, பின்வந்த கவிஞரைக் கவர்ந்தது. அவர் இறுதியாக எழுதத் தொடங்கிய புதினத்தின் நாயகி, கணவனாலே பித்தர் மனையில் அடைக்கப்பட்டவள். ஆங்கு காவலிருக்கும் ஏழைப் பணிப்பெண் ஜெமைமா தன் வாழ்க்கையைத் தானே எடுத்துரைக்கின்றாள். வரலாற்று நூலிலே வெறுங் கும்பலாய் நின்ற ஏழைப் பெண், கதையிலே பெயரும் குரலும் பெற்றாள். புரட்சி கற்பித்த உரிமைப் பாடம், வரலாற்றின் வழியே நடந்து, இலக்கியத்திலே முதிர்ந்தது.

1797 மார்ச்சு 29இல் மேரி, வில்லியம் கொட்வின் என்னும் தத்துவ அறிஞரை மணந்தார். ஓகஸ்டு 30இல் இரண்டாவது மகள் பிறந்தாள். மகப்பேற்றின் பின் உண்டான நோயினாற் செப்ரெம்பர் 10ஆந் தேதி, முப்பத்தெட்டாம் வயதிலே, அம்மையார் உயிர்நீத்தார். புதினம் முற்றுப்பெறவில்லை. அன்று பிறந்த மகவே பின்னாளில் பிராங்கென்ஸ்ரைன் என்னும் கதையை எழுதிய மேரி ஷெல்லி.

அன்பு மிகுந்த கொட்வின் 1798இல் மனைவியின் வாழ்க்கையை உள்ளபடியே எழுதி வெளியிட்டார். இம்லேயின் தொடர்பும், உயிர்துறக்க முயன்ற செய்தியும் வெளியாயின. ஊர்வாய் திறந்தது. அவர் கூறிய நியாயங்களை மறுக்கமாட்டாதார் அவர் வாழ்க்கையைக் காட்டி நூல்களை ஒதுக்கினர். ஏறத்தாழ நூறாண்டு அப்பெயர் இழிபெயராய்க் கிடந்தது. 1891இல் வாக்குரிமை இயக்கத் தலைவி மிலிசென்ற் போசெற் முன்னுரை எழுதி, பெண்ணுரிமை நூலை மீண்டும் மக்கள்முன் வைத்தார்.

பிரித்தானியப் பெண்கள் 1928இலே ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்றனர். அவ்வாட்சியின் கீழிருந்த நம் இலங்கையிலே 1931இல் ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர். புரட்சி பிறந்த பிரான்சிலோ பெண்கள் முதன்முறையாக வாக்களித்தது 1945இலேயாம். உரிமைப் பிரகடனம் எழுதிய நாடு, அவ்வுரிமையைத் தன் மகளிர்க்கு அளிக்க நூற்றைம்பது ஆண்டுக்கு மேற் காத்திருந்தது.

மேரியின் வரலாற்று நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதப்படவில்லை. புரட்சியின் கொடிய ஆண்டுகளை அவர் எங்ஙனம் எழுதியிருப்பார் என எண்ணத் தோன்றுகின்றது. ஆயினும் எழுதிய அளவிலே ஒன்று உறுதி: உரிமையைச் சட்டத்தில் எழுதினாற் போதாது, அவ்வுரிமைக்கேற்ற மனிதரைப் பள்ளியிலே உருவாக்க வேண்டும் என்பது அவருடைய தளராத நம்பிக்கை. அரசுகளை மாற்றுவோர் பலர் உளர். மனிதரை மாற்றும் வேலை வகுப்பறையிலே, நாள்தோறும், சிறிது சிறிதாக நடைபெறுவது. அதனை அறிந்தே அவ்வாசிரியை எழுதினார்.