இரு சபதங்களையும் காத்த சமரசம்: அனசூயாபென் சாராபாய்

அகமதாபாத் நகரின் செல்வமிக்க சமணக் குடும்பமொன்றில் 1885 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் பிறந்தவர் அனசூயாபென் சாராபாய். ஒன்பது வயதில் பெற்றோரை இழந்து, சிறிய தந்தையாரின் ஆதரவில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் நிகழ்ந்த திருமணம் நிலைக்கவில்லை. தம்பி அம்பாலாலின் துணையால் 1912 இல் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில முற்பட்டார். விலங்குகளை அறுத்துப் பயிலும் முறை அகிம்சை நெறிக்கு ஒவ்வாமையால் அதனைக் கைவிட்டு, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தார்.

தாயகம் திரும்பியபின், 36 மணி நேரம் இடைவிடாது உழைத்துத் தளர்ந்து வந்த ஆலைப் பெண்களை ஒருநாள் கண்டார். அக்காட்சியே அவரைத் தொழிலாளர் பக்கம் நிறுத்தியது.

1917 இல் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க, ஆலை முதலாளிகள் பெருந்தொகையை ஊக்கப்படியாக வழங்கினர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ போர்க்காலத்தில் ஏறியிருந்தது. 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த இயலாது என்றனர் முதலாளிகள். காந்தியடிகள் கணக்குகளை ஆராய்ந்து 35 விழுக்காடே நியாயமெனக் கண்டார். அதற்குக் குறைந்து பணிக்குத் திரும்புவதில்லை எனத் தொழிலாளர் சபதமேற்றனர். 1918 பிப்ரவரி 22 அன்று ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கியது.

முதலாளிகள் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். தமக்கை தொழிலாளர் பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். ஆயினும் இருவருக்குமிடையே பாசம் குன்றவில்லை. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது, துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன. வருவாயிழந்தோர் சிலருக்கு ஆசிரமக் கட்டடப் பணி அளிக்கப்பட்டது. ஆயினும் பசி உறுதியைக் கரைக்கலாயிற்று. மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். நண்பர்களான முதலாளிகளை இந்நோன்பு நெருக்குகிறதே என்ற உறுத்தலும் அவருக்கு இருந்தது.

இருதரப்பும் வாக்குக் கொடுத்திருந்தமையால், எவர் இறங்கினாலும் அது தலைகுனிவாகும். மார்ச் 18 அன்று எட்டிய உடன்பாடு இம்முடிச்சை அவிழ்த்தது. முதல் நாள் 35 விழுக்காடு: தொழிலாளர் சபதம் நிறைவேறியது. இரண்டாம் நாள் 20 விழுக்காடு: முதலாளிகள் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்பு வரும்வரை, இரண்டுக்கும் நடுவான 27.5 விழுக்காடு. நடுவராக ஆனந்தசங்கர் துருவா அமர்ந்தார். பின்னர் அவரும் 35 விழுக்காடே உரியதெனத் தீர்ப்பளித்தார்.

நெருக்கடி தீர்ந்ததுடன் அனசூயாபென் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த பூசலுக்கும் உண்ணாநோன்பு தேவைப்படலாகாது அன்றோ! 1920 இல் மஜூர் மகாஜன் சங்கம் உருவாக முன்னின்றார். இருதரப்பினரும் அமர்ந்து பூசல்களைத் தீர்க்கும் நிலையான நடுவர் முறையும் அகமதாபாத்தில் வேரூன்றியது. தொழிலாளர் அவரை மோட்டாபென், அதாவது மூத்த அக்கா, என்றே அழைத்தனர்.

1972 இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து, சுயதொழில் புரியும் ஏழைப் பெண்களுக்கான சேவா அமைப்பு கிளைத்தது. எதிர்நின்றவர் சொல்லிலும் ஒரு பக்க உண்மை உண்டென ஏற்பது அநேகாந்தம். நம் அறக்கட்டளைகளிலும் தொழிலகங்களிலும் கருத்து மாறுபாடு முற்றும்போது, எவரையும் தலைகுனிய வைக்காத அந்த மூன்று நாள் கணக்கு நம் நினைவில் எழட்டும்.