நஞ்சை மருந்தாக்கிய நல்லறிஞர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஊரிலிருந்து உறவினர் நம் வடாலாவுக்கு வந்திறங்கும்போது, சிலர் கையில் பலகாரப் பொட்டலம் இருக்கும். சிலர் கையிலோ டாக்டரின் கடிதம் இருக்கும். பின்னவரை அழைத்துக்கொண்டு பரேல் டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் செல்லாத குடும்பம் நம் காலனியில் அரிது. இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கு அங்கு அளிக்கப்படும் மருந்துகளுள் ஒன்றின் மூலத்தைத் தந்தவர், நம் சென்னையிலே பயின்ற ஒருவர் என்பதைப் பலர் அறியார். அப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895 ஜனவரி 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தினார். அதனால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். இதனிடையே, ஸ்ப்ரூ என்னும் கிராணி நோய் அவர்தம் சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. அத்துயரம் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

பின்னர், மாமனாரின் பொருளுதவியுடன், இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியம் புரிந்துகொண்டே ஹார்வர்டில் பயின்றார். 1925-இல் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து, உடலில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை வகுத்தார். தசைகள் இயங்குவதற்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றியும் இருவரும் ஆராய்ந்து கண்டனர். எனினும், 1930-இல் டாக்டர் பட்டம் பெற்ற பின்னரும் ஹார்வர்ட் அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. ஆகவே 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஆங்கு அவர் தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கை முறையில் உருவாக்கப்பட்டது. தம் சகோதரரைக் கொன்ற கிராணிக்கே அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்கு இன்றும் அரசினர் வழங்கும் டை எத்தில் கார்பமசின் மாத்திரையும் அவ்வாய்வுக்கூடத்தில் தோன்றியதே.

பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் புரிந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் இரத்தப் புற்றை வளர்ப்பதாகக் கருதினார். அங்ஙனமாயின், அதனைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமுடைய அமினாப்டெரினை ஆக்கித் தந்தனர். தண்டவாளத்தில் பழுதாகி நின்ற வண்டி, பின்வரும் நல்ல வண்டிக்கு வழி விடாதது போல, அது உயிரணுவினுள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, உயிரணு பெருக வழியின்றி மடிகிறது. ஆனால் வாய், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் வதைபடும். ஆகவே அது நஞ்சே. அளவறிந்து கொடுத்தால் மருந்து. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கைப்படி, 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு சில திங்களே நீடித்ததாயினும், அதுவரை வழியே தெரியாதிருந்த நோய்க்கு முதல் வழி திறந்தது. அதன் இளவலான மெத்தோட்ரெக்சேட் நஞ்சின் கடுமை குறைந்தது. இரத்தப் புற்றுக்கும், மூட்டுவாதத்துக்கும் இன்றும் வழங்கப்படுவது அதுவே.

1948 ஆகஸ்டில், தமது 53-ஆம் வயதில், சுப்பாராவ் அயல் மண்ணிலேயே மறைந்தார். பிரிந்து வந்த மனைவியை மீண்டும் காணவில்லை. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்துள்ள நமக்கு அவ்வேதனை விளங்கும். 1995-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தரான அடியேன், பெற்றோரை வேண்டுவது ஒன்றே. பரீட்சை முடிவு வரும் நாளில், தவறிய பிள்ளையை வீட்டில் ஒருவரும் பழித்துரைக்க வேண்டாம். இருமுறை தவறிய ஒரு பிள்ளையின் உழைப்பினாலன்றோ, பரேலில் பல தாய்மார் குழந்தையுடன் வீடு திரும்புகின்றனர்!

வாழ்க அவர் புகழ்!