முயலின் காது சொன்ன ரகசியம்

வெட்கம் வந்தால் முகம் சிவக்கிறது. பயம் வந்தால் வெளுக்கிறது. உடம்பில் ஓடுவது அதே ரத்தம்தான். பிறகு ஏன் இந்த மாறுதல்?

இதற்கு வழி காட்டியவர் கிளாடு பெர்னார்டு. பிரான்சு நாட்டு விஞ்ஞானி.

நாடகப் பைத்தியம்

1813-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, லியோன் நகருக்கு வடக்கே செயின்ட் ஜூலியன் என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பனாருக்குத் திராட்சைத் தோட்டம்தான் பிழைப்பு. வருமானம் போதவில்லை. ஆகவே பெர்னார்டு, லியோனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே சர்வரோக நிவாரணி ஒன்று விற்றார்கள். கெட்டுப்போன மருந்துகளை எல்லாம் அதில்தான் கொட்டுவார்கள்! ஜனங்களோ அதை விரும்பி வாங்கினார்கள். பெர்னார்டுக்கு மருந்து மீது இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

அவர் மனம் நாடகத்தில் இருந்தது. அவர் எழுதிய சிறு நகைச்சுவை நாடகம் லியோனில் நடந்தது. உற்சாகம் பிறந்தது. பெரிய சோக நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டு 1834-ல் பாரிசுக்குப் போனார். ஒரு பேராசிரியர் அதைப் படித்துப் பார்த்தார். பிழைப்புக்கு வைத்தியம் படிக்கும்படி புத்தி சொன்னார்.

பெர்னார்டு கேட்டார். அதனால் உலகத்துக்கு லாபம்.

சுட்டது காது

நரம்புகள்தான் உடம்புக்குச் சூடு தருகின்றன என்ற எண்ணம் அப்போது இருந்தது. அதைச் சோதிக்க, 1851-ல் ஒரு முயலின் கழுத்து நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்.

குளிரவில்லை. சுட்டது! ரத்தக் குழாய்கள் விரிந்து, காது சிவந்திருந்தது.

கணக்குத் தப்பியதே என்று அவர் விட்டுவிடவில்லை. வெட்டிய நரம்பில், தலைப்பக்கத்து முனைக்கு மின்சாரம் கொடுத்தார். குழாய்கள் சுருங்கின. காது வெளுத்தது, குளிர்ந்தது. (1852-ல் அமெரிக்காவில் இருந்த பிரௌன் செக்கார் என்பவர் இதைச் சற்று முன்பே கண்டு வெளியிட்டார். பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு.)

ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. நரம்பு கட்டளையிட்டால் அது இறுகும். கட்டளை நின்றால் தளரும். மடையைத் திறந்து மூடுவதுபோல, ரத்தம் கூடும், குறையும். குழாயை விரிக்கும் நரம்பும் உண்டு என்பதை 1858-ல் எச்சில் சுரப்பியில் காட்டினார்.

வீட்டில் போர்

1845-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி கொண்டுவந்த சீதனம்தான் ஆராய்ச்சிக்குக் கை கொடுத்தது. ஆனால் உயிருள்ள பிராணிகளை அறுப்பது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மயக்க மருந்து இல்லாமலே நடந்த சோதனைகள் பல. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டு பெண்களும் தாயார் பக்கம் சேர்ந்தார்கள். குடும்பம் பிரிந்தது.

1878 பிப்ரவரி 10-ந் தேதி பெர்னார்டு காலமானார். பிரான்சு அரசாங்கம் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. விஞ்ஞானி ஒருவருக்கு அங்கே அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் தடவை.

மெல்லிய உள்தோல்

ஓய்வாக இருக்கும்போது, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. வேகமாக ஓடினால் ஐந்தில் நான்கு பங்கு போகும்! நரம்புகள் வயிற்றுப் பக்கத்துக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. உழைக்கும் தசையும் தன் குழாய்களைத் தானே விரித்துக்கொள்கிறது.

இன்னொரு வேலைக்காரனை பெர்னார்டு அறியவில்லை. குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்தான் அது. அதுவும் ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று 1980-ல் அமெரிக்கரான ராபர்ட் பர்ச்காட் காட்டினார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்தது. 1998-ல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.