அடையாறில் 'கைதி'யாக இருந்த டாக்டர்: குழந்தைகளின் கவனத்தைப் படித்த மாண்டிசோரி

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு மாண்டிசோரி போர்டு கண்ணில் படும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம சென்னையிலேயே வாழ்ந்தவர், தெரியுமா?

யார் இவர்?

மரியா மாண்டிசோரி, 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தவர். 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குறைவு என்று காப்பகங்களில் கைவிடப்பட்ட சிறுவர்களைப் பார்த்தவர், இவர்களுக்கு மருந்தைவிட பயிற்சிதான் தேவை என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்கள் இடார், செகன் ஆகியோரின் முறைகளை மேம்படுத்தினார். அவரிடம் படித்த சிலர், மற்ற குழந்தைகள் எழுதும் அரசுத் தேர்விலேயே பாஸ் ஆனார்கள்! எல்லோரும் பாராட்ட, அவருக்கோ வேறு கேள்வி: அப்படின்னா சாதாரணப் பள்ளிக் குழந்தைகளைப் பின்னுக்கு இழுப்பது எது?

40 தடவைக்கு மேல்

1907-ல் ரோமின் ஏழைகள் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே சுமார் 3 வயதுச் சிறுமி, மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாட்டு. நாற்காலியோடு தூக்கி வைத்தும் அவள் நிறுத்தவில்லை. 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்தாள். சரியான வேலை கையில் இருந்து, யாரும் குறுக்கிடாவிட்டால் சின்னக் குழந்தைக்கும் கவனம் வரும் என்பதை மாண்டிசோரி அங்கேதான் கவனித்தார்.

சென்னை எப்படி வந்தார்?

ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். முதல் பயிற்சியிலேயே சுமார் 300 பேர். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவர். மகன் மரியோ முகாமில் அடைக்கப்பட்டார். இவர் சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அவரது 70-வது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பிறகு கோடைக்கானலிலும் சில ஆண்டுகள். 1946-ல் ஐரோப்பா திரும்பும் வரை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடர்ந்தது. 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று நமக்கு என்ன?

ஏடிஎச்டி போன்ற கவனக் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். மாண்டிசோரி வகுப்பு அதற்குச் சிகிச்சை ஆகாது. அதேபோல, போர்டை மட்டும் நம்பி அட்மிஷன் போடாதீங்க. வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வேலையில் மூழ்கிய குழந்தையை டீச்சர் தொந்தரவு செய்யாமல் விடுகிறாரா? மாண்டிசோரி முதலில் பார்ப்பது அதைத்தான்.