ஹைட்ரஜன் கலந்தால் மைலேஜ் கூடுமா? 1924-லேயே சோதித்துப் பார்த்த ஹாரி ரிக்கார்டோ

வண்டியில் ஒரு சின்ன கிட் மாட்டினால் போதும், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து பெட்ரோலோடு கலக்கும், மைலேஜ் எகிறும் என்கிற விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க. நம்பி வாங்கலாமா? இதற்குப் பதில் தேட, நூறு வருஷத்துக்கு முன்னால் இன்ஜினில் ஹைட்ரஜனை ஓட்டிப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் பொறியாளரின் கதை உதவும்.

ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம்?

ஹாரி ரிக்கார்டோ 1885-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர், அம்மாவின் அப்பா சிவில் இன்ஜினியர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது, 1904-ல் ஒரு போட்டி வந்தது. சுமார் 1.14 லிட்டர் பெட்ரோலில் யார் அதிக தூரம் போவது? ரிக்கார்டோ தானே வடிவமைத்த மோட்டார் சைக்கிளில் 64 கிலோமீட்டர் ஓட்டி ஜெயித்தார். அளந்து ஊற்றிய எரிபொருள், அளந்த தூரம். இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளின் புகை, அவை இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. புகை குறைந்த 150 குதிரைத்திறன் இன்ஜினை உருவாக்கிக் கொடுத்தவர் ரிக்கார்டோ. 1919-ல் ஷோர்ஹாமில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். இன்ஜினில் கேட்கும் ‘டக் டக்’ நாக்கிங் சத்தத்துக்கு எரிபொருளின் தன்மையும் காரணம் என்று காட்டியது அவருடைய பெரிய சாதனை. ஓடும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை இன்ஜினையும் இதற்காகவே செய்தார்.

ஹைட்ரஜன் என்ன செய்தது?

1924-ல் அவர் வெளியிட்ட எரிபொருள் ஆய்வில் ஹைட்ரஜனும் இருந்தது. காற்றில் வெறும் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். அதனால் மிக மெலிந்த கலவையிலும் இன்ஜின் ஓடும். குறைந்த வேகத்தில் போக, காற்றை அடைத்து இன்ஜினைத் திணறவிட வேண்டியதில்லை, வாயுவைக் குறைத்தாலே போதும். திறன் கூடுவது இதனால்தான்.

ஆனா, சிக்கலும் உடனே வந்துச்சு. கூடுதல் சக்திக்காக ஹைட்ரஜனை அதிகமாக்கினால், நேரத்துக்கு முன்பே தீப்பற்றி, நெருப்பு காற்று வரும் குழாய்க்குள் திரும்பியது.

அதே காலத்தில் பிரிட்டனின் ஆர்100 வான்கப்பலுக்கு, மண்ணெண்ணெயோடு ஹைட்ரஜனும் எரிக்கும் இன்ஜின் திட்டமிடப்பட்டது. எரிபொருள் தீரத் தீரக் கப்பல் எடை குறைந்து மேலே கிளம்பும். அதைத் தடுக்க வெளியேற்றும் ஹைட்ரஜனை வீணாக்காமல் எரிக்கலாமே என்பது யோசனை. கடைசியில் அதைக் கைவிட்டு, பெட்ரோல் இன்ஜினே பொருத்தினார்கள்.

அப்போ, கிட்?

வான்கப்பலில் ஹைட்ரஜன் ஏற்கெனவே கையில் இருந்தது. உங்கள் வண்டியில் இல்லை. தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேணும். அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தரணும். ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அதே இன்ஜின், அதே பெட்ரோல். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். திரும்பக் கிடைக்கும் ஹைட்ரஜனில் இருப்பது, செலவழித்ததைவிடக் குறைவுதான்.

வெளியே தயாரித்துக் கலப்பது வேறு விஷயம். 2020-ல் டெல்லியில் 50 பேருந்துகளில், சிஎன்ஜியோடு சுமார் 18 சதவீதம் ஹைட்ரஜன் சேர்த்துச் சோதனை தொடங்கியது இந்த வகைதான். அங்கேயும் ஹைட்ரஜன் தயாரிக்க ஆன செலவைக் கணக்கில் சேர்த்தே லாபம் பார்க்கணும்.

1948-ல் சர் பட்டம் பெற்ற ரிக்கார்டோ, 1974-ல் 89 வயதில் காலமானார். கிட் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான்: எரிபொருளை அளந்து ஊற்றி, கிட்டோடும் கிட் இல்லாமலும் ஒரே சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. காசை அப்புறம் எடுக்கலாம்.