பிள்ளைகளுக்கு வாக்கியம் தந்த நாவலர்

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே, நெல்வயல் சூழ்ந்த ஊர் கீழ்வேளூர். 1840-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் திண்ணைதான். பையன்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். கை பழகிய பிறகு பனை ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி எல்லாம் மனப்பாடம். வாத்தியார் பிரம்பைத் தொட்டால் போதும், மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்!

ஆனால் வயலில் பார்த்ததை நாலு வரி எழுதிக் காட்டு என்றால் பையன் விழிப்பான். அது அவன் குற்றம் அல்ல. அவன் படித்தது எல்லாம் செய்யுள். கடிதமும் பத்திரமும் எழுதப் பழகியவர்கள் உண்டு. அதுவும் பழைய மாதிரியைப் பார்த்து எழுதுவதுதான். ஒரு வாக்கியத்தைத் தானே தொடங்கித் தானே முடிக்கக் கற்றுத்தரும் புத்தகம் திண்ணையில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கப் புத்தகம் எழுதியவர்களில் முன்னால் நிற்பவர் ஆறுமுக நாவலர்.

ஓலை செய்த தொல்லை

ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். ஆகையால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. வாக்கியம் எங்கே முடிந்தது என்று காட்ட அடையாளமும் கிடையாது. பழைய எழுத்தில் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

இலக்கணப் புலவர்கள் ஒரு பழைய உதாரணம் காட்டுவார்கள். ‘செம்பொன்பதின்தொடி’ என்று சேர்த்து எழுதினால் என்ன பொருள்? தொடி என்பது நிறுக்கும் அளவு. பத்துத் தொடி செம்பொன் என்றும் படிக்கலாம். ஒன்பது தொடி செம்பு என்றும் படிக்கலாம். பொன்னும் செம்பும் ஒன்றா? கடன் பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் குடும்பம் என்ன ஆகும்!

நல்லூர்ப் பிள்ளை

நாகைக் கடலுக்கு அப்பால் இருக்கிறது யாழ்ப்பாணம். அங்கே நல்லூரில் 1822 டிசம்பர் 18-ந் தேதி ஆறுமுகம் பிறந்தார். தந்தை கந்தப்பிள்ளை. தாய் சிவகாமி. ஆறு ஆண்பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். புலவர்களிடம் தமிழ் படித்தார். பெர்சிவல் பாதிரியார் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் படித்தார். அங்கேயே ஆசிரியரும் ஆனார். பாதிரியார் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது, கூட இருந்து உதவியவர் இந்தச் சைவப் பிள்ளைதான்.

பாதிரிமார் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு புத்தகம் இருந்தது. அச்சடித்த புத்தகம். சைவப் பிள்ளைகளுக்கு அது இல்லையே என்ற கவலை அவரை விடவில்லை. 1848-ல் உத்தியோகத்தை உதறினார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. அவருடைய மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து உதவினார்கள். பள்ளி நடந்தது. படிக்கப் புத்தகம்?

அச்சு இயந்திரம் வாங்க, மாணவர் சதாசிவப் பிள்ளையுடன் 1849-ல் சென்னைக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் காவிரிக் கரையில் உள்ள திருவாவடுதுறை ஆதீனத்துக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் ‘நாவலர்’ என்று பட்டம் தந்தார்கள். நாவன்மை உள்ளவர் என்று பொருள். பட்டம் நாவுக்குத்தான்! ஆனால் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவியது அவர் எழுத்துதான்.

பால பாடம்

அச்சு இயந்திரம் வண்ணார்பண்ணைக்கு வந்து சேர்ந்தது. 1850-ஐ ஒட்டிப் பால பாடம் வெளிவரத் தொடங்கியது. முதலில் எழுத்து. பிறகு சொல். பிறகு சிறு வாக்கியம். அடுத்த புத்தகங்களில் வாக்கியம் நீண்டு, பாடம் கட்டுரையாக வளர்ந்தது. படிப்படியாக ஏறும் ஏணி மாதிரி.

அதை எல்லாம் செய்யுளாக எழுதாமல் வசனமாக எழுதினார். ஒட்டிக் கிடந்த சொற்களைப் பிரித்து அச்சிட்டார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காகப் பயன்படுத்தி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

புள்ளி சின்னதுதான். ஆனால் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ‘மாடு’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், மாடு என்ன செய்தது என்று கேட்கத் தோன்றும். ‘மாடு வைக்கோலைத் தின்றது’ என்று எழுதிய பிறகுதான் புள்ளி வைக்க மனம் வரும். யார், எதை, என்ன செய்தது என்ற மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. இலக்கணத்தில் இவற்றுக்கு எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பெயர். இதையும் பிள்ளைகள் கற்க ‘இலக்கணச் சுருக்கம்’, ‘இலக்கண வினாவிடை’ என்று நூல்களை வசனத்திலேயே எழுதினார். அதற்கு முன் இலக்கணம் என்றால் பெரும்பாலும் நன்னூல் சூத்திரத்தை உருப்போடுவதுதான்!

குறையும் உண்டு. மேல் வகுப்புப் பாடங்களில் வடசொல் மிகுதி. சின்னப் பிள்ளைகள் அங்கே இடறுவார்கள். சாதிக் கட்டுப்பாட்டையும் அவர் விடவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. பிழை என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. தாம் பதிப்பித்த நூல்களில் எழுத்துப் பிழை வராமல் பார்ப்பதில் அவ்வளவு கண்டிப்பு.

1864-ல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இப்போது அது அவர் பெயரிலேயே மேல்நிலைப்பள்ளியாக இருக்கிறது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1879 டிசம்பர் 5-ந் தேதி, தமது 56-ஆம் வயதில், யாழ்ப்பாணத்தில் காலமானார். அதற்குப் பிறகும் பால பாடம் மறுபடி மறுபடி அச்சாகி, யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பிள்ளைகள் கையில் இருந்தது.