பார்பரா வுட்ஹவுஸ்

பார்பரா வுட்ஹவுஸ் (மே 9, 1910 - ஜூலை 9, 1988) அயர்லாந்தில் பிறந்த பிரித்தானிய நாய்ப் பயிற்சியாளரும் எழுத்தாளரும் ஆவார். நாயைவிட அதை வளர்ப்பவருக்கே பயிற்சி தேவை என்பது இவரது கொள்கை.

வாழ்க்கை

டப்லினை அடுத்த ரத்ஃபார்ன்ஹாமில், தந்தை தலைமையாசிரியராக இருந்த பள்ளி வளாகத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் ஹார்ப்பர் ஆடம்ஸ் கல்லூரியில் வேளாண்மை பயின்றார். 1930களில் அர்ச்சென்டீனாவில் குதிரைகளைப் பழக்கினார். 1940 இல் மருத்துவர் மைக்கேல் வுட்ஹவுஸை மணந்தார்.

பயிற்சி வகுப்புகள்

பின்னர் நாய் வளர்ப்போரைக் குழுவாகக் கூட்டி வகுப்புகள் நடத்தினார். முன்பின் அறியாத நாய்களும் மனிதர்களும் சூழ்ந்திருக்கையில் அமரவும், காத்திருக்கவும், அழைத்தால் வரவும் நாய்கள் அங்கு பழகின. 1980 இல் பிபிசி ஒளிபரப்பிய தொடரால், எழுபது வயதை நெருங்கும்போது பெரும்புகழ் பெற்றார். அதில் இவரிடம் அதிகம் கடிந்துரை வாங்கியவர்கள் நாய்களின் உரிமையாளர்களே.

விமர்சனம்

கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுக்கும் இவரது முறை கடும் கண்டனத்துக்கு உள்ளானது. பிறந்த 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையிலான காலமே குட்டிகள் மனிதரோடும் பிற நாய்களோடும் இணங்கிப் பழக உகந்தது என்பதை ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருந்தது. அவ்வயதில் அடையும் அச்சம் எளிதில் நீங்காது. எனவே இன்றைய குட்டி வகுப்புகள் பலவற்றில் சங்கிலிக்கு மாற்றாகத் தின்பண்டமும் விளையாட்டும் பயன்படுகின்றன.